உழைச்செல்வார்

நோய் என்றதும் நம் நினைவில் முதற்கண் தோன்றுபவர் மருத்துவர். அடுத்துத் தோன்றுவது மருந்து. இவ்விரண்டும் இருந்தால் நோய் நீங்கிவிடும் என்றே பலரும் எண்ணுகின்றனர். ஆனால், திருவள்ளுவர் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில் மருத்துவத்துக்கு உறுப்புகள் நான்கு என வகுத்துரைக்கின்றார். நோயுற்றவன், நோயைத் தீர்க்கும் மருத்துவன், மருந்து, உழைச்செல்வான் என்பன அந்நான்குமாம். இவற்றுள் நான்காவதாக நிற்கும் உழைச்செல்வான் யார்? ‘உழை’ என்னும் சொல்லுக்குப் பக்கம் என்பது பொருள். நோயாளியின் பக்கத்தே சென்று, உடனிருந்து, உரிய காலத்தில் மருந்தளித்துக் காப்பவரே உழைச்செல்வார் ஆவர்.

இப்பணியைச் செய்வோரை இன்று நாம் செவிலியர் என்று வழங்குகின்றோம். இதுவும் பழஞ்சொல்லே. சங்க இலக்கியத்தில் தலைவியைப் பெற்ற தாய் நற்றாய் எனப்படுவாள்; அவளை வளர்த்த தாய் செவிலி எனப்படுவாள். பெறாத பிள்ளையையும் தன் பிள்ளையாகப் பேணியவள் அவள். பிறர் வீட்டுப் பிள்ளையின் நோயைத் தன் வீட்டு நோயாகக் கருதி உழைப்பவர்க்கு இப்பெயர் எத்துணைப் பொருத்தமானது!

நகரத்து மருத்துவமனையில் நோயாளி செவிலியரை நாடி வருகின்றார். கட்டிலும் விளக்கும் கருவிகளும் அங்கே ஆயத்தமாக உள்ளன. ஐயம் தோன்றினால் கேட்பதற்கு மருத்துவர் அருகில் இருக்கின்றார். சிற்றூரிலும் மலையூரிலும் நிலை வேறு. அங்கே செவிலியரே நோயாளியை நாடிச் செல்லல் வேண்டும். ஒற்றையடிப் பாதையும் ஓடையும் கடந்து, கையில் ஒரு பையுடன் அவர் செல்கின்றார். கண்டதைக் கொண்டு தாமே முடிவு செய்யவேண்டிய பொறுப்பும் அவரைச் சார்ந்ததாகின்றது. ஆகவே, வள்ளுவர் கூறிய ‘உழைச்செல்லுதல்’ என்னும் சொல்லின் முழுப்பொருளும் நாட்டுப்புறச் செவிலியரிடத்திலேதான் விளங்குகின்றது எனலாம்.

உழைச்செல்வார் இல்லாவிடின் என்ன நேரும் என்பதைக் காட்டும் நிகழ்ச்சியொன்று நமக்கு அணித்தேதான் நடந்தது. புதுச்சேரி நகரின் சாரம் பகுதியிலிருந்து வடமேற்கே செல்வோமாயின், கோரிமேட்டைக் கடந்து திண்டிவனம் செல்லும் சாலையை அடையலாம். ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள திண்டிவனத்தில், 1890-களின் முற்பகுதியில், ஜான் ஸ்கடர் என்னும் அமெரிக்க மருத்துவர் பணியாற்றி வந்தார். அவருடைய மகள் ஐடா ஸ்கடர். இராணிப்பேட்டையில் 1870-ஆம் ஆண்டில் பிறந்த ஐடா, அமெரிக்காவில் கல்வி பயின்றவர். நோயுற்ற தாயைப் பேணுவதற்காகவே திண்டிவனத்துக்கு வந்திருந்தார். இங்கேயே தங்கிவிடும் எண்ணம் அவருக்கு இல்லை.

ஓர் இரவு மூவர் ஒருவர்பின் ஒருவராக அவ்வீட்டுக் கதவைத் தட்டினர். அவர்களுள் ஒருவர் அந்தணர், ஒருவர் இசுலாமியர், மற்றொருவரும் இந்துவே. மூவர் வீட்டிலும் பெண்கள் மகப்பேற்றுத் துன்பத்தால் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தனர். மூவரும் ஐடாவையே வருமாறு வேண்டினர். “நான் மருத்துவம் கற்றவள் அல்லள்; என் தந்தையாரை அழைத்துச் செல்லுங்கள்” என்றார் ஐடா. அக்காலத்து வழக்கமோ, அயல் ஆடவர் ஒருவர் பெண்ணின் பேறுகால அறைக்குள் புகுவதை ஒப்பவில்லை. வந்த மூவரும் வெறுங்கையராய்த் திரும்பினர். பொழுது விடிந்தபோது, அப்பெண்கள் மூவரும் இறந்தனர் என்னும் செய்தி வந்தது.

மாணவர்களே! இந்நிகழ்ச்சியை ஊன்றி நோக்குங்கள். அவ்வூரில் நோயுற்றோர் இருந்தனர்; கற்ற மருத்துவர் இருந்தார்; அவரிடம் மருந்தும் இருந்தது. வள்ளுவர் கூறிய நான்கு உறுப்புகளுள் மூன்று அங்கே குறைவின்றி இருந்தன. நான்காவது உறுப்பு ஒன்றே இல்லை. நோயாளியின் பக்கத்தே செல்லத் தக்கவர் ஒருவர் இல்லாமையால் மூன்று உயிர்கள் மறைந்தன.

அவ்விரவு ஐடாவின் வாழ்க்கையை மாற்றியது. அவர் அமெரிக்கா சென்று, 1899-ஆம் ஆண்டில் மருத்துவப் பட்டம் பெற்று, 1900-ஆம் ஆண்டில் வேலூருக்கு வந்தார். ஒரே ஒரு கட்டில் கொண்ட சிறு மருத்துவ நிலையமாகத் தம் பணியைத் தொடங்கினார். 1902-ஆம் ஆண்டில் பெண்களுக்கான மருத்துவமனை எழுந்தது. ஆயினும், தம் இரு கைகள் மட்டும் போதா என்பதை அவர் விரைவிலேயே உணர்ந்தார். 1918-ஆம் ஆண்டில் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியை அவர் நிறுவினார். ஆனால் அதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்னரே, 1909-இல், செவிலியர் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கிவிட்டார். மருத்துவரைப் பயிற்றுவதற்கு முன்பே செவிலியரைப் பயிற்றத் தொடங்கிய அவ்வரிசை நாம் கருதத் தக்கது.

மேலும், மருத்துவமனைக்குள்ளேயே அடங்கி நிற்க அவர் விரும்பவில்லை. வேலூரிலிருந்து குடியாத்தம் செல்லும் சாலையில் குறித்த நாளில் செவிலியருடன் புறப்பட்டுச் செல்வார். வழியிலுள்ள மரநிழல்களில் சிற்றூர் மக்கள் முன்னரே வந்து காத்திருப்பர். கண்ணோய், புண், காய்ச்சல், தொழுநோய் ஆகியவற்றுக்கு அம்மரநிழலிலேயே மருத்துவம் நடைபெற்றது. சாலையோர மருத்துவம் என்று அது பெயர் பெற்றது. வேலூர்ச் செவிலியர் பள்ளி 1946-ஆம் ஆண்டில் பட்டம் வழங்கும் கல்லூரியாக உயர்ந்தது. இந்தியாவில் செவிலியத்தில் பட்டப் படிப்பு முதன்முதலில் தொடங்கியது அவ்வாண்டிலேயாம். ஐடா ஸ்கடர் 1960-ஆம் ஆண்டில் கொடைக்கானலில் மறைந்தார்.

பிற நாடுகளிலும் இவ்வுண்மை உணரப்பட்டது. இங்கிலாந்தில் லிவர்ப்பூல் நகரத்து வணிகர் வில்லியம் ராத்போன் என்பவர், தம் மனைவி நோயுற்றபோது அவரைப் பேணிய செவிலியரின் பணியைக் கண்டு நெகிழ்ந்தார். ‘செல்வர் வீட்டுக்குக் கிட்டிய இவ்வுதவி ஏழையின் குடிசைக்குக் கிட்ட வேண்டாவா?’ என்னும் எண்ணம் அவருள் எழுந்தது. 1859-ஆம் ஆண்டில் அச்செவிலியரையே ஏழைகளின் இல்லங்களுக்கு அனுப்பினார். வீடுதோறும் செல்லும் செவிலியர் பணி ஆங்கு இவ்வாறு வேரூன்றிற்று. அவருக்கு அறிவுரை கூறித் துணைநின்றவர், செவிலியத்தின் தாய் எனப் போற்றப்பெறும் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார். இந்திய மண்ணில் அவர் காலடி பட்டதில்லை. எனினும், இந்தியச் சிற்றூர்களின் தூய்மையைப் பற்றியும் குடிநீரைப் பற்றியும் அவர் பல்லாண்டுகள் எழுதிவந்தார். அவர் பிறந்த மே 12-ஆம் நாளையே உலகம் செவிலியர் நாளாகக் கொண்டாடுகின்றது.

நாடு விடுதலை பெற்றபின் இப்பணி அரசின் கடமையாயிற்று. 1952-ஆம் ஆண்டில் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கியதை அடுத்து, ஆரம்ப சுகாதார நிலையங்கள் நாடெங்கும் தோன்றின. அவற்றின் கீழ்த் துணைச் சுகாதார நிலையங்கள் அமைந்தன. சமவெளியில் 5,000 மக்களுக்கு ஒன்று, மலைப்பகுதியிலும் பழங்குடியினர் வாழும் பகுதியிலும் 3,000 மக்களுக்கு ஒன்று என்பது வகுக்கப்பட்ட அளவு. தமிழ்நாட்டில் துணை நிலையத்தின் பொறுப்பை ஏற்பவர் கிராமச் சுகாதாரச் செவிலியர் ஆவர்.

பிரெஞ்சுக்காரர் ஆண்ட புதுச்சேரியில் 1823-ஆம் ஆண்டிலேயே மருத்துவப் பள்ளி ஒன்று தோன்றியிருந்தது. 1954-இல் புதுச்சேரி இந்தியாவோடு இணைந்தபின், அக்கல்வி மரபைத் தொடர்ந்து 1956-இல் மருத்துவக் கல்லூரி உருவாயிற்று. கோரிமேட்டில் அமைந்துள்ள அதுவே 1964-ஆம் ஆண்டு முதல் ஜிப்மர் என்னும் பெயரால் வழங்குகின்றது. அப்பெரிய மருத்துவமனையும் தன் மதில்களுக்குள் நின்றுவிடவில்லை. இராமநாதபுரம் என்னும் புதுச்சேரிச் சிற்றூரில் ஊரக நல நிலையம் ஒன்றை அமைத்து, சுற்றியுள்ள சிற்றூர்களின் வீடுகளுக்குச் சென்று பணியாற்றுகின்றது.

இனி, சிற்றூர்ச் செவிலியர் ஆற்றும் பணியைச் சிறிது விரிவாகக் காண்போம். கருவுற்ற பெண்களின் பெயர்களைப் பதிவேட்டில் எழுதுவது அவருடைய முதல் வேலை. அவர்தம் எடையையும் குருதியழுத்தத்தையும் அளக்கின்றார். குருதியில் இரும்புச்சத்துக் குறைந்திருப்பின் மாத்திரை அளிக்கின்றார். முகத்திலும் காலிலும் வீக்கம், ஓயாத தலைவலி, 140/90 என்னும் அளவை எட்டிய குருதியழுத்தம் ஆகியவற்றை ஒரு தாயிடம் கண்டால், அவரை உடனே மருத்துவமனைக்கு அனுப்புகின்றார். அத்தாய்க்கு அன்று பெருந்துன்பம் ஒன்றும் தோன்றாதிருக்கலாம். வீட்டார்க்கு அச்சமும் இராது. ஆயினும், சில நாள்களில் வலிப்பு வந்து தாயும் சேயும் ஒருங்கே மடியக் கூடும். கண்ணுக்குத் தோன்றாத அவ்விடரை முன்கூட்டியே காண்பதுதான் செவிலியரின் கல்வி.

பிறந்த குழந்தைக்கு வரும் இடர்களுள் கொடியது இசிவு நோய். தூய்மையற்ற கத்தியால் தொப்புள்கொடியை அறுப்பதாலும், அறுத்த இடத்தில் சாம்பலோ சாணமோ அப்புவதாலும் அந்நோயின் கிருமி உட்புகும். பிறந்து சில நாள்களிலேயே குழந்தை பால் குடிக்க இயலாமல் வாய் இறுகி, உடல் விறைத்து இறந்துபோகும். கருவுற்ற தாய்க்குத் தடுப்பூசி இடுதல், கொடியைத் தூய கருவியால் அறுத்தல், அதன்மீது எதுவும் தடவாமல் உலர விடுதல் ஆகிய மூன்று எளிய செயல்களே இதனைத் தடுத்துவிடும். இம்மூன்றையும் ஊர்தோறும் பரப்பியவர்களுள் செவிலியர் முன்னின்றனர். பல்லாண்டு உழைப்பின் பயனாக, தாய்க்கும் பச்சிளங்குழந்தைக்கும் வரும் இசிவு நோய் நாட்டில் ஒழிக்கப்பட்ட நிலையை எட்டிவிட்டது என 2015-ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது.

தடுப்பூசி இடுதலும் அவர் கடமையே. தடுப்பு மருந்துகளை 2 பாகை முதல் 8 பாகை செல்சியசு வரையுள்ள குளிர்ச்சியில் காத்தல் வேண்டும். வெப்பம் மிகுமாயின் மருந்து தன் ஆற்றலை இழக்கும். இழந்தது கண்ணுக்குத் தெரியாது. ஆதலால், பனிக்கட்டி வைத்த பெட்டியைத் தோளில் தாங்கி, சித்திரை வெயிலிலும் செவிலியர் விரைந்து செல்கின்றார். பெரியம்மை 1975-ஆம் ஆண்டில் இந்நாட்டை விட்டு அகன்றதும், இயற்கைக் கிருமியால் வரும் இளம்பிள்ளைவாதம் 2011-ஆம் ஆண்டுக்குப்பின் இந்தியாவில் எக்குழந்தையையும் தாக்காமல் ஒழிந்ததும் இத்தகையோர் நடந்த நடையின் பயனே.

ஆயினும், பாதையைக் கடப்பதினும் மனத்தைக் கடப்பது அரிது. கீழ்வரும் காட்சியைக் கற்பனை செய்து பாருங்கள். வயிற்றுப்போக்கால் வாடிய குழந்தை ஒன்று பாட்டியின் மடியில் கிடக்கின்றது. நா வறண்டு, கண்கள் குழிந்து, அழுதால் கண்ணீரும் வாராத நிலை. செவிலியர் உள்ளே வருகின்றார்.

“ஆயா, குழந்தைக்குக் குடிக்க என்ன கொடுத்தீர்கள்?”

“ஒன்றும் கொடுக்கவில்லை, நர்சம்மா. தண்ணீர் கொடுத்தால் இன்னும் அதிகமாகப் போகுமே! வயிற்றைக் காயப்போட்டால் தானாக நிற்கும் என்று என் மாமியார் சொல்லுவார்.”

“நீங்கள் எத்தனை பிள்ளை வளர்த்தவர்கள், ஆயா! உங்களுக்குத் தெரியாததா? வெயிலில் தலை சாய்ந்த நாற்றுக்குத் தண்ணீர் விடுவீர்களா, விடாமல் காயப்போடுவீர்களா?”

“நாற்றை யாராவது காயப்போடுவார்களா?”

“இந்தப் பிள்ளையும் நாற்றுத்தான், ஆயா. உடம்பிலிருந்து போன நீரையும் உப்பையும் திரும்பக் கொடுத்தால் தலை நிமிர்ந்துவிடும். உங்கள் கையாலேயே கொடுங்கள். உங்கள் கையில் குடித்தால்தான் அது குடிக்கும்.”

கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில், தேக்கரண்டியின் தலை தட்டிய அளவால் ஆறு கரண்டிச் சருக்கரையும் அரைக் கரண்டி உப்பும் கலக்கப்படுகின்றன. பாட்டி சிறிது சிறிதாகப் புகட்டுகின்றார். குழந்தையின் நா நனைகின்றது. அது மீண்டும் தாய்ப்பாலுக்கு அழத் தொடங்குகின்றது.

இங்கே செவிலியர் பாட்டியைப் பழிக்கவில்லை. அறியாமை என்று இகழவும் இல்லை. அவர் அறிந்த நாற்றைக் கொண்டே அவர் அறியாததை விளக்கினார். மருந்து புகட்டும் பெருமையையும் அவரிடமே விட்டுவிட்டார். இனி அத்தெருவில் எக்குழந்தைக்கு இந்நோய் வரினும், முதலில் ஓடிவந்து உப்புச் சருக்கரை நீர் கலப்பவர் அந்தப் பாட்டியாகவே இருப்பார்.

இந்நீரின் ஆற்றலைச் சிறிதென்று கருதலாகாது. 1971-ஆம் ஆண்டில் வங்காளத்துப் போங்காவ் என்னும் ஊரில் அகதிகள் தங்கியிருந்த இடத்தில் வாந்திபேதி பரவியது. நரம்பின் வழி ஏற்றும் நீர் போதவில்லை. அப்போது திலீப் மகலனாபிஸ் என்னும் மருத்துவர், உப்பும் சருக்கரையும் கலந்த நீரை நோயாளிகளின் உறவினர் கையாலேயே புகட்டச் செய்தார். நூற்றுக்கு 30 அளவில் இருந்த இறப்பு, 4-க்கும் கீழே இறங்கிற்று. சருக்கரை உடனிருந்தால் குடல் உப்பையும் நீரையும் எளிதில் ஈர்த்துக்கொள்ளும் என்பதே இதன் இரகசியம். ஏழையின் அடுக்களையிலும் உள்ள பொருள்களே உயிர்காக்கும் மருந்தாயின. அவற்றைக் கலக்கக் கற்பிப்பவர் ஒருவரே வேண்டியிருந்தது.

கற்பிப்பவர் அவ்வூர் மக்களுள் ஒருவராகவே இருப்பாராயின், பயன் இன்னும் பெரிதாகும். தருமபுரி மாவட்டத்தில், கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் இடையே அமைந்தது சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கு. பழங்குடி மக்கள் வாழும் அப்பகுதிக்கு ரெஜி ஜார்ஜ், லலிதா என்னும் மருத்துவத் தம்பதியர் 1990-களின் தொடக்கத்தில் சென்றனர். பிறக்கும் ஆயிரம் குழந்தைகளுள் ஏறத்தாழ 150 குழந்தைகள் ஓராண்டு நிறையுமுன் இறந்துகொண்டிருந்த காலம் அது. ஊர்மக்கள் எழுப்பிய ஒரு குடிசையே அவர்தம் முதல் மருத்துவமனை. வெளியூர்ச் செவிலியர் அக்காட்டில் தங்க முன்வாராத நிலையில், அம்மக்களின் பெண்பிள்ளைகளையே அவர்கள் பயிற்றுவித்தனர். அப்பெண்கள் குருதியழுத்தம் அளக்கவும், பேறு பார்க்கவும், அறுவை மருத்துவத்துக்குத் துணைநிற்கவும் கற்றனர். ஆண்டுகள் செல்லச் செல்லக் குழந்தை இறப்பு மிகவும் குறைந்தது. மருத்துவமனைக்கு அஞ்சியவர்கள், தம் மகளும் மருமகளும் அங்கே பணிபுரியக் கண்டு அச்சம் நீங்கினர்.

காலம் மாறியுள்ளது. 2019–21-ஆம் ஆண்டுகளில் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99-க்கும் மேற்பட்ட பேறுகள் மருத்துவ நிலையங்களிலேயே நிகழ்கின்றன. கதவைத் தட்டிய மூவரின் துயரம் இன்று பெரிதும் நீங்கிவிட்டது. ஆனால், வேறு நோய்கள் சிற்றூர்க் கதவுகளைத் தட்டுகின்றன. நீரிழிவும் குருதியழுத்தமும் ஓசையின்றி வந்து, கண்ணையும் சிறுநீரகத்தையும் இதயத்தையும் அரிக்கின்றன. தள்ளாத முதியவர் மாதந்தோறும் மருந்துக்காக நெடுந்தொலைவு செல்ல முடிவதில்லை. இதனை உணர்ந்தே தமிழ்நாட்டரசு 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்னும் திட்டத்தைத் தொடங்கியது. நோய் மாறினும், நோயாளியின் பக்கத்தே செல்லும் கடமை மாறவில்லை.

இப்பணியின் அருமையைக் கூறும் நாம், இதன் துன்பத்தை மறைத்தல் ஆகாது. ஒரு செவிலியர் ஆயிரக்கணக்கான மக்களுக்குப் பொறுப்பேற்கின்றார். பகலெல்லாம் நடந்து, இரவில் பதிவேடுகளை நிரப்புகின்றார். தம் குழந்தை காய்ச்சலில் கிடக்கும்போதும் பிறர் குழந்தைக்கு ஊசியிடச் செல்லுதல் நேர்கின்றது. பல ஊர்களில் அவர் தங்குவதற்கு நல்ல வீடு கிடைப்பதில்லை. இருட்டில் தனியே செல்வதற்குத் துணையும் கிடைப்பதில்லை. தவறு நேர்ந்தால் பழி அவரைச் சேர்கின்றது. நோய் வாராமல் தடுத்தாலோ, புகழ் யாரையும் சேர்வதில்லை. வந்த நோயைத் தீர்த்தவரை உலகம் வணங்கும். வரவிருந்த நோயைத் தடுத்தவரை உலகம் அறிவதே இல்லை. வாராத வலிப்பையும் நேராத இறப்பையும் யார் காண முடியும்?

அவற்றைக் காண்பது கற்றவர் கடமை. உங்கள் ஊரின் அல்லது உங்கள் பகுதியின் சுகாதார நிலையம் எங்குள்ளது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். செவிலியர் தெருவுக்கு வரும் நாளில், தடுப்பூசி போடவேண்டிய குழந்தையுள்ள வீட்டையும், நடக்க இயலாத முதியவர் தனித்து வாழும் வீட்டையும் அவருக்குக் காட்டுங்கள். உப்புச் சருக்கரை நீர் கலக்கும் முறையை வீட்டில் உள்ளோர்க்குச் சொல்லுங்கள். உங்களுள் ஆணாயினும் பெண்ணாயினும் சிலர் நாளை இக்கல்வியைக் கற்று, மலையூருக்கும் சிற்றூருக்கும் செல்ல முன்வருதல் வேண்டும்.

மருத்துவனும் மருந்தும் வளர்ந்துகொண்டே செல்கின்றன. நாள்தோறும் புதிய கருவிகள் தோன்றுகின்றன. இவையனைத்தும் நோயாளியின் வாயிலை அடைய வேண்டுமாயின், அவற்றைச் சுமந்து செல்ல இரண்டு கால்கள் வேண்டும்; அவன் சொல்வதைக் கேட்க ஒரு நெஞ்சம் வேண்டும். அக்கால்களும் அந்நெஞ்சமும் உடையவரே உழைச்செல்வார்.